வாங்கத் தெரிந்தவருக்கு விற்கத் தெரிகிறதா?

(தின வர்த்தகத்தில் லாபத்தோடு வெளியேறும் வழிகள் குறித்து, தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் வழங்கப்பட்ட உரை)



அபிமன்யுவின் கதையை நாம் எல்லாரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே நுழையும் வித்தை அவனுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வரும் வித்தை தெரியவில்லை. அவனிடம் வீரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காலையில் ஒரு பங்கை வாங்கி மாலைக்குள் விற்று நாலு காசு பார்க்கலாம் என்று நினைக்கும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு அபிமன்யுவின் நினைவுதான் வருகிறது. "எந்தப் பங்கை வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் ஏராளம். "இந்தப் பங்கை வாங்கப் போகிறேன், எந்த நிலையில் விற்க வேண்டும்?" என்று வாங்குவதற்கு முன்பே கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்று நான் பேசப் போவது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி. நஷ்டத்தில் இருந்து எப்படித் தப்பிப்பது என்று பலரும் பேசுகிறார்கள். லாபத்தில் இருக்கும் வர்த்தகத்தை எப்படி முடிப்பது என்று பேசுபவர்கள் குறைவு. அது எளிதான வேலை என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கிள்ளான் நண்பரின் ஒரு நாள்

எனக்குத் தெரிந்த ஒருவர் கிள்ளானில் இருக்கிறார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். 2022ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி வாரியத்தில் இருந்து 10,000 ரிங்கிட் வரை எடுத்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி கிடைத்தது அல்லவா? அவரும் எடுத்தார். மகள் கல்லூரிக்குப் போகும் நேரம். அந்தப் பணத்தைச் சற்றே பெருக்கி, முதல் தவணைக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அதிலேயே சமாளித்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

ஒரு நாள் காலையில் 62 சென் விலையில் 16,000 பங்குகள் வாங்கினார். அவர் கணித்தது சரியாகவே இருந்தது. பதினொன்றரை மணிக்கு விலை 68 சென். கணக்குப் பார்த்தால் 960 ரிங்கிட் லாபம். கட்டணங்கள் போனாலும் 900 ரிங்கிட்டுக்கு மேல் மிஞ்சும். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். "எழுபதுக்குப் போகட்டும், விற்றுவிடுகிறேன்" என்றார்.

பன்னிரண்டரை மணிக்குச் சந்தை இடைவேளை. பிற்பகல் இரண்டரைக்குத் திறந்தபோது விலை 66 சென். "மறுபடியும் 68க்கு வந்தால் விற்றுவிடுவேன்" என்றார். விலை 64க்கு இறங்கியது. "66 வந்தால் போதும்" என்றார். சந்தை மூடும்போது விலை 61 சென். "நாளைக்கு ஏறும்" என்று வைத்துக்கொண்டார். அந்த நாளைக்கு வரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து 47 சென்னுக்கு விற்றார். 2,400 ரிங்கிட் போய்விட்டது.

அன்று இரவு என்னிடம் தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, நான் தேர்ந்தெடுத்தது சரிதானே? ஏறத்தானே செய்தது?" ஆமாம், சரிதான். அவர் பங்கைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. எப்படி வெளியேறுவது என்று மட்டும் அவர் முடிவு செய்து வைக்கவில்லை. விலை இறங்க இறங்க, ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக ஒரு முடிவு எடுத்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசமாக அமைந்தது.

மனம் செய்யும் சூழ்ச்சி

இதில் அந்த நண்பரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மனிதர்கள் எல்லாருக்கும் உள்ள குணம் இது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979ல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். மனிதன் தன்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதில்லை. மனத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று பார்த்தே முடிவெடுக்கிறான். மேலே இருந்தால் பத்திரமாக எடுத்துக்கொள்ளத் துடிக்கிறான். கீழே இருந்தால், இழந்ததை மீட்பதற்காக எந்த ஆபத்துக்கும் துணிகிறான். கானமனுக்கு 2002ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பங்குச் சந்தையில் பொருத்திப் பார்த்தார் டெரன்ஸ் ஓடியன் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1987 முதல் 1993 வரை ஒரு தரகு நிறுவனத்தில் இருந்த 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998ல் முடிவை வெளியிட்டார். முதலீட்டாளர்கள் ஏறிய பங்குகளை விற்ற விகிதம், இறங்கிய பங்குகளை விற்ற விகிதத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதாவது லாபத்தை அவசரமாக விற்கிறார்கள், நஷ்டத்தை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். அவர்கள் விற்றுவிட்ட பங்குகள், விற்காமல் வைத்திருந்த பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காடு கூடுதலாக ஏறியதையும் அவர் கண்டார்.

"கிள்ளான் நண்பர் லாபத்தை அவசரமாக விற்கவில்லையே, நேர்மாறாக அல்லவா செய்தார்?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. அவர் வாங்கியது 62 சென்னில். விலை 66 ஆனபோதும் அவர் 4 சென் லாபத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் மனத்தில் இருந்த புள்ளி 62 அல்ல. காலையில் கண்ணால் பார்த்த 68தான் அந்தப் புள்ளி. அதனால் லாபத்தில் இருந்தபோதே தமக்கு 2 சென் நஷ்டம் என்று அவர் உணர்ந்தார். நஷ்டப்பட்டவர் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொண்டார். பார்த்துவிட்ட உச்ச விலையை மறப்பது அவ்வளவு கடினம்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். பங்கு கையில் வந்த பிறகு நம் மனம் நடுநிலையில் இருப்பதில்லை. வாங்குவதற்கு முன்பு மட்டுமே அது நடுநிலையில் இருக்கிறது. எனவே விற்கும் முடிவையும் வாங்குவதற்கு முன்பே எடுத்து, எழுதி வைத்துவிட வேண்டும்.

முதலில் கட்டணக் கணக்கு

எந்த விலையில் வெளியேறுவது என்று எழுதுவதற்கு முன், போக்குவரத்துச் செலவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். பங்கை வாங்கினாலும் கட்டணம், விற்றாலும் கட்டணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 80 சென் விலையில் 5,000 பங்குகள் வாங்குகிறீர்கள். முதல் 4,000 ரிங்கிட். தரகுக் கட்டணம் ஒரு தடவைக்குக் குறைந்தது 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முத்திரை வரி ஒவ்வோர் ஆயிரம் ரிங்கிட்டுக்கும் ஒரு ரிங்கிட். ஆயிரத்தில் ஒரு பகுதி இருந்தாலும் முழு ரிங்கிட்தான். தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு. வாங்குவதும் விற்பதும் சேர்த்து ஏறத்தாழ 27 ரிங்கிட் ஆகிறது. சேவை வரி தனி.

மலேசியப் பங்குச் சந்தையில் ஒரு ரிங்கிட்டுக்குக் குறைந்த பங்குகளின் விலை அரை சென் அரை சென்னாக நகரும். அதை ஒரு படி என்போம். 80 சென்னில் இருந்து ஒரு படி ஏறி 80.5 சென்னில் விற்றால் கிடைப்பது 25 ரிங்கிட். செலவு 27. திரையில் பச்சை நிறம் தெரிகிறது, பையில் 2 ரிங்கிட் குறைகிறது!

இன்னொரு கணக்கைப் பொறுமையாகக் கேளுங்கள். விலை 78.5 சென்னுக்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் ஸ்டாப் லாஸ் என்கிறார்கள், நஷ்டத்தை நிறுத்தும் விலை. அது நடந்தால் கட்டணத்தோடு சேர்த்து 101 ரிங்கிட் நஷ்டம். ஏறினால் 83 சென்னில் விற்பது திட்டம். அது நடந்தால் கட்டணம் போக 122 ரிங்கிட் லாபம். பத்து வர்த்தகத்தில் ஐந்து வென்று ஐந்து தோற்றால் கையில் சுமார் 100 ரிங்கிட் மிஞ்சும்.

இப்போது அதே மனிதர் பயந்து பயந்து, 81 சென் வந்தவுடனேயே விற்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் அவர் கையில் நிற்பது 22 ரிங்கிட். பத்தில் ஏழு முறை வென்றால் 158 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். மூன்று முறை தோற்றால் 304 ரிங்கிட் போகும். ஏழு முறை வென்ற மனிதருக்கு மொத்தத்தில் 146 ரிங்கிட் நஷ்டம்!

"நான் அடிக்கடி ஜெயிக்கிறேன், ஆனால் பணம் மட்டும் குறைகிறதே" என்று புலம்புகிறவர்களின் இரகசியம் இதுதான். அவர்கள் தோற்பது பங்கைத் தேர்ந்தெடுப்பதில் அல்ல, விற்பதில்.

நான்கு வழிகள்

லாபத்தில் இருக்கும் தின வர்த்தகத்தை முடிக்கப் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, குறித்த விலையில் விற்பது. வாங்கும்போதே இலக்கு விலையைக் குறித்து, விற்கும் ஆணையையும் சேர்த்தே கொடுத்துவிடுவது. இலக்கை ஆசைக்கு ஏற்றபடி வைக்கக் கூடாது. நேற்றைய உச்ச விலை எது, சில நாட்களாக விலை எந்த இடத்தில் தட்டித் தட்டித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு படி கீழே வைப்பது நல்லது. ஒரு ரிங்கிட் போன்ற முழு எண்களில் விற்பவர்களின் வரிசை நீளமாக இருக்கும். சந்தையில் விலைக்கு முதலிடம், அதே விலையில் முந்தி வந்தவருக்கு அடுத்த இடம். எல்லாரும் ஒரு ரிங்கிட்டில் வரிசையில் நிற்கும்போது நீங்கள் 99.5 சென்னில் நின்றால் உங்கள் பங்கு முதலில் போகும்.

இரண்டாவது, பாதியை விற்பது. விலை ஓரளவு ஏறியதும் பாதிப் பங்குகளை விற்று லாபத்தை எடுத்துக்கொள்வது, மீதிப் பாதியை மேலே போக விடுவது. மனத்துக்கு நிம்மதி தரும் வழி இது. ஆனால் சிறு தொகையில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு முறை விற்றால் குறைந்தபட்சத் தரகுக் கட்டணத்தை இரண்டு முறை கட்ட வேண்டி வரலாம். ஒரே நாளில் ஒரே பங்கில் செய்த விற்பனைகளை ஒரே கணக்காகச் சேர்க்கிறார்களா என்று உங்கள் தரகரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, விலையின் பின்னாலேயே நிறுத்தத்தை உயர்த்திக்கொண்டு போவது. முன்பு சொன்ன எடுத்துக்காட்டில், 80 சென்னில் வாங்கி 78.5 சென்னில் நிறுத்தம் வைத்தோம். வித்தியாசம் மூன்று படி. விலை 82 ஆனால் நிறுத்தத்தை 80.5க்கு உயர்த்துங்கள். விலை 83 ஆனால் 81.5. விலை 84.5 ஆனால் 83. பிறகு விலை திரும்பி 83ஐத் தொட்டால் விற்றுவிட வேண்டியதுதான். உச்ச விலை நமக்குக் கிடைக்காது. உச்சத்தில் விற்க வேண்டும் என்ற ஆசையை விட்டவருக்கே இந்த வழி. இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. நிறுத்தத்தை மேலே நகர்த்தலாம், ஒருபோதும் கீழே நகர்த்தக் கூடாது. கிள்ளான் நண்பர் 68, 66 என்று இறங்கி வந்தது நினைவிருக்கிறதா? அவர் செய்தது இதற்கு நேர் எதிரானது.

நிறுத்தத்தை விலைக்கு மிக அருகிலும் வைக்காதீர்கள். சாதாரண அசைவுக்கே அறுந்துவிடும். பங்கின் விலையையும் பாருங்கள். 80 சென் பங்கில் ஒரு படி என்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 20 சென் பங்கில் அது 2.5 விழுக்காடு. 10 சென் பங்கில் 5 விழுக்காடு. மலிவான பங்குதானே என்று வாங்கி மூன்று படி விட்டுக்கொடுத்தால் முதலில் 15 விழுக்காட்டை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

நான்காவது, நேரத்தை வைத்து வெளியேறுவது. இதைப் பாசாரில் மீன் விற்பவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் அவர் சொல்லும் விலை வேறு. பதினோரு மணிக்குமேல் சொல்லும் விலை வேறு. மிச்ச மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்கு அது பழைய மீன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவிவிடுகிறார்.

நமது சந்தையில் இரண்டு நேரங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, பகல் 12.30. அப்போது மூடும் சந்தை 2.30க்குத்தான் மீண்டும் திறக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தச் செய்தி வந்தாலும் உங்களால் விற்க முடியாது. ஆகவே 12.15 வாக்கில் ஒரு முடிவு எடுங்கள். இடைவேளையைத் தாண்டி வைத்திருக்க ஒரு காரணம் சொல்ல முடிந்தால் வைத்திருங்கள், முடியாவிட்டால் விற்றுவிடுங்கள். இன்னொன்று, மாலை 4.45. வழக்கமான வர்த்தகம் அத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு 4.50 வரை ஆணைகளைச் சேர்த்து ஒரே இறுதி விலையைக் கணக்கிடுவார்கள். பின்னர் 5 மணி வரை அந்த ஒரே விலையில் மட்டும் வாங்கல் விற்றல் நடக்கும். அந்தக் கடைசி நிமிடங்களை நம்பிக் காத்திருப்பது தின வர்த்தகருக்கு அழகல்ல. நாலரை மணிக்குள் கணக்கை முடித்துவிடுங்கள்.

எந்த வழி யாருக்கு?

நான்கில் எது சிறந்தது என்று கேட்டால், நாளையும் ஆளையும் பொறுத்தது என்பேன்.

சந்தை மேலும் கீழும் ஒரே கூட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் குறித்த விலையில் விற்பதே நல்லது. அப்படிப்பட்ட நாளில் நிறுத்தத்தை உயர்த்திக்கொண்டு போனால், கிடைத்த லாபத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். மாறாக, நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்து, வழக்கத்தைவிடப் பல மடங்கு பங்குகள் கைமாறி, விலை படிப்படியாக ஏறும் நாள் என்றால், குறித்த விலையில் விற்றால் பாதி வழியில் இறங்கியவர் ஆவீர்கள். அன்றைக்கு நிறுத்தத்தை உயர்த்தும் வழியே ஏற்றது.

ஆளைப் பொறுத்தும் மாறும். வேலைக்குப் போகிறவர், கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்த்து நிறுத்தத்தை நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு முன்கூட்டியே போட்டு வைக்கும் இலக்கு விலையும் ஸ்டாப் லாஸும்தான் பொருந்தும். ஸ்டாப் லாஸ் ஆணையைத் தானாக நிறைவேற்றும் வசதி உங்கள் தரகு நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், கவனிக்க முடியாத நாளில் தின வர்த்தகமே வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நேரம் என்ற நான்காவது வழி எல்லாவற்றுக்கும் பொதுவானது. விலை இலக்கைத் தொடவில்லை, நிறுத்தத்தையும் தொடவில்லை என்றால், கடிகாரம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான்

இதில் ஏன் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றின்போது நம் நாட்டுக் கையுறை நிறுவனங்களின் பங்குகள் விண்ணைத் தொட்டன. டாப் குளோவ், ஹார்ட்டலேகா, கோசான், சூப்பர்மேக்ஸ் ஆகிய பெயர்கள் காப்பிக் கடைகளில்கூட அடிபட்டன. அந்த ஆண்டு நவம்பர் 9, திங்கட்கிழமை. மாலை 5 மணிக்குச் சந்தை மூடியது. இரவு 8 மணிக்குச் சற்று முன்பு, தங்கள் தடுப்பூசி 90 விழுக்காட்டுக்கும் மேல் பலன் தருகிறது என்று ஃபைசர் நிறுவனம் அமெரிக்காவில் இருந்து அறிவித்தது. உலகத்துக்கே நல்ல செய்தி. மறுநாள் காலை நம் சந்தை திறந்தபோது கையுறைப் பங்குகள் பெரும் சரிவைக் கண்டன.

திங்கட்கிழமை மாலையில் கணக்கை முடித்தவர், லாபமோ சிறு நஷ்டமோ, நிம்மதியாகச் செய்தி கேட்டிருப்பார். "நாளைக்கு இன்னும் இரண்டு படி" என்று வைத்துக்கொண்டவருக்கு இரவில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. ஸ்டாப் லாஸ் எழுதி வைத்திருந்தாலும், விலை அதைத் தாண்டிக் கீழேயே திறந்தால் கிடைக்கும் விலைதான் கிடைக்கும்.

இங்கே கோன்ட்ரா முறையும் ஒரு வலையாக அமைகிறது. 2019 ஏப்ரல் 29 முதல், பங்கு வாங்கியதற்கான பணத்தை இரண்டாவது வர்த்தக நாளில் தீர்க்க வேண்டும் என்பது விதி. கோன்ட்ராவில் அதற்குள் விற்று, வித்தியாசத்தை மட்டும் கட்டிவிடலாம். "இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே" என்ற நினைப்பு தின வர்த்தகத்தை மெல்ல மெல்ல மூன்று நாள் சூதாட்டமாக மாற்றிவிடுகிறது. கையில் இல்லாத பணத்துக்கு வாங்கியவர், நாள் நெருங்கும்போது எந்த விலைக்கும் விற்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார்.

நேயர்கள் கேட்டவை

"திட்டப்படி விற்றுவிட்டேன். அதன் பிறகு விலை இன்னும் ஏறிவிட்டது. மனம் ஆறவில்லையே, என்ன செய்வது?" என்று சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அம்மா, அது எல்லாருக்கும் நடப்பது. விற்ற பின் ஏறிய விலை உங்கள் பணம் அல்ல. அடுத்தவர் பையில் இருக்கும் பணம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நான் எழுதியபடி நடந்தேனா?" ஆமாம் என்றால், அன்று நல்ல நாள். விற்ற பங்கை ஆத்திரத்தில் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாலும் அன்றைய லாபத்தை விழுங்குகிறது. முப்பது வர்த்தகம் முடிந்த பிறகு குறிப்பேட்டைப் புரட்டுங்கள். பெரும்பாலான முறை விற்ற பிறகும் விலை ஏறியிருந்தால், இலக்கு மிகவும் அருகில் இருக்கிறது என்று பொருள். அப்போது மாற்றுங்கள். ஒரு நாள் ஏறியதைப் பார்த்து மாற்றாதீர்கள்.

"குறிப்பேட்டில் என்னதான் எழுதுவது?" என்று ஓர் இளைஞர் கேட்கிறார்.

ஐந்தே வரி போதும் தம்பி. வாங்கும் விலை, நிறுத்தும் விலை, இலக்கு விலை அல்லது நிறுத்தத்தை உயர்த்தும் விதி, வெளியேறும் நேரம், கட்டணம் போக மிஞ்சும் தொகை. வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு எழுத வேண்டும். பிறகு எழுதுவது நாட்குறிப்பு, அது திட்டமாகாது.

கடைசி வாசல்

இவ்வளவும் சொன்ன நான் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. நல்ல திட்டம் இருந்தாலே எல்லாரும் வென்றுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரேசில் நாட்டில் 2013க்கும் 2015க்கும் இடையில் தின வர்த்தகத்தில் இறங்கியவர்களை ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். முன்பேர வர்த்தகத்தில் 300 நாட்களுக்கு மேல் விடாமல் ஈடுபட்டவர்களில் 97 விழுக்காட்டினர் பணத்தை இழந்தார்கள். அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தவர்கள் 1.1 விழுக்காடு மட்டுமே. தைவானில் 1992 முதல் 2006 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோதும், கட்டணம் போகத் தொடர்ந்து லாபம் காணும் திறன் பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றே தெரிந்தது.

எனவே ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒரு வாசல் இருப்பதைப் போல, தின வர்த்தகம் என்ற இந்தத் தொழிலுக்கும் ஒரு வாசலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இவ்வளவு பணம், இத்தனை மாதம் என்று ஒரு வரம்பு. மூன்று மாதக் குறிப்பேடு, கட்டணம் போக நஷ்டம் காட்டினால் நிறுத்திவிட வேண்டும். சேமநிதிப் பணம், பிள்ளைகளின் படிப்புப் பணம், வீட்டுத் தவணைப் பணம் ஆகியவை அந்த வாசலுக்கு உள்ளேயே வரக் கூடாது.

கிள்ளான் நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மகளின் முதல் தவணையை எஞ்சிய பணத்தில் கட்டினார். விடுதிச் செலவுக்கு அவர் மனைவியின் சங்கிலி ஒன்று அடகுக் கடைக்குப் போனது. ஓராண்டு வார இறுதிகளில் கூடுதல் வேலை பார்த்து அதை மீட்டார். பிறகு என்னிடம் வந்து குறிப்பேட்டுப் பழக்கத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். பணம் போடாமல், தாளில் மட்டும் மூன்று மாதம் எழுதிப் பார்த்தார். கூட்டிப் பார்த்தபோது கட்டணம் போகச் சிறு நஷ்டம். "இது எனக்குச் சரிப்படாது அண்ணே, விட்டுவிட்டேன்" என்றார்.

நான் அவரிடம் சொன்னேன், "தம்பி, இந்த முறை சரியான நேரத்தில் வெளியே வந்துவிட்டீர்கள்."